அடுத்த ஸ்டாப்பில் ஆபீஸ்

பரமத்தி வேலூரில் நான் ஏறிய டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்த இளையவளின் மடியில் லேப்டாப் பையும் டிபன் கூடையும் இருந்தன.

“ஆபீஸ் எங்க கண்ணு?” என்று கேட்டார் மூத்தவர்.

“எங்கூட்டு மாடியிலதானுங்க்கா.”

மாடிக்குப் போக டவுன் பஸ் எதற்கு என்று எனக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. செல்போனை அணைத்துவிட்டேன்.

“அப்பறம் பஸ்ஸுல எங்க போற?”

“ஊட்டுல இருந்தே கம்பெனிகளுக்கு டிசைன் போட்டுக் குடுக்கறேனுங்க. மாடியில உக்காந்தா, சும்மாத்தான இருக்கறேன்னு அத்தை மோட்டார் போடச் சொல்லுவாங்க, மாவாட்டச் சொல்லுவாங்க. எனக்கும் நைட்டியோட உக்காந்தா தூக்கந்தான் வருது. அதான் காத்தால சீவிச் சிங்காரிச்சு பஸ் ஏறி, அடுத்த ஸ்டாப்புல எறங்கி, தோட்டத்து வழியா ஊட்டுக்கே திரும்பி நடந்து பின்பக்கப் படியில ஏறிருவேன். டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் காசு இல்லீங்களே.”

“மாமியா கண்டுபுடிக்கலயா?”

“போன மாசமே பாத்துட்டாங்க. இப்பல்லாம் பக்கத்தூட்டுக்காரங்க என்னையத் தேடி வந்தா, ‘ஆபீஸ் போயிட்டா, சாயந்தரம் வாங்க’ன்னு அனுப்பீர்றாங்க.”

“அதான் தெரிஞ்சு போச்சே. இன்னும் எதுக்குப் பஸ் ஏறற?”

அவள் பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“நேத்து மழைன்னு நேரா மாடிக்குப் போனேனுங்க. ‘நேரமாச்சு, பஸ்ஸு போயிரும்’னு அத்தையே கொடையக் கையில குடுத்துத் தொரத்தீட்டாங்க.”