என் பெண்ணின் படம் விதிப்படி இல்லை

மனித முகத்தில் புகைப்படக்காரனுக்கு அதிகத் தொல்லை கொடுக்கும் உறுப்பு காது. கண்ணைத் திறக்கச் சொன்னால் திறக்கிறார்கள். வாயை மூடச் சொன்னால், மேடைப் பேச்சாளர்களைத் தவிர, எல்லோரும் மூடிக்கொள்கிறார்கள். காதை மட்டும் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்களின் படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும், பின்னால் நிழல் விழக் கூடாது என்பது விதி. இருபத்தெட்டு வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். அந்த விதிகளெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என் பெண்ணின் படம் வரும்வரை, நான் எடுத்த எதையும் எந்த அலுவலகமும் திருப்பி அனுப்பியதில்லை.

அவள் பல் செட் செய்கிறவள். மெழுகில் ஒரு பல்லைச் செதுக்கி, அது யாருடைய வாய்க்குப் போகிறது என்று பார்க்காமலே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்ட கையை உள்ளூரில் யார் விட்டுவைப்பார்கள்? பல் செட் செய்யும் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று கூப்பிட்டது. சந்தோஷமாக ஓடி வந்து என் ஸ்டுடியோ முக்காலியில் உட்கார்ந்தாள். வேறு எங்கே போவாள்? மீன் கடைக்காரன் பெண் அடுத்த தெருவில் மீன் வாங்குவாளா?

ஒரு பக்க விளக்கைக் கொஞ்சம் தணித்தேன். இடது காதுக்குப் பின்னால் பூனைமுடி அளவு நிழல். மற்றதெல்லாம் உயர்தரம். ஆறு வாரம் கழித்து, ‘படம் விதிப்படி இல்லை’ என்று திரும்பி வந்தது. அதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

அடுத்த வருஷம் இன்னோர் ஆய்வகம். அப்போது பின்திரையை வெள்ளையிலிருந்து ஒரு சொட்டு மஞ்சளுக்கு மாற்றினேன். மூன்றாவது முறை தலையை இரண்டு மில்லிமீட்டர் பெரிதாக அச்சிட்டேன். ஒரே தப்பைத் திரும்பச் செய்வது தொழில் தெரியாதவன் வேலை.

என்னைக் கல்நெஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். யோசிக்காமல் நான் எதையும் செய்வதில்லை. இதைப்பற்றி ஒரு படித்த ஆளிடமே விவாதித்திருக்கிறேன். கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுப்பவர், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தார். தலையை நேராக வைக்கத் தெரியாதவர். சரிசெய்துகொண்டே கேட்டேன்.

“சார், பெத்த பிள்ளை பெத்தவனுக்குச் சொந்தமா, இல்லையா?”

“செஞ்சவனுக்குத்தான் சொந்தம்னா, நீங்க உங்க அப்பாவுக்குச் சொந்தம். அவர் அவரோட அப்பாவுக்கு. அப்புறம் யாருமே ஓனர் இல்ல, எல்லாரும் சரக்குதான்.”

“எங்க அப்பா போயிட்டாரு சார். மேல ஆள் காலி. இப்ப நான்தான் ஓனர்.”

அவர் சிரித்ததில் தலை மறுபடியும் சாய்ந்துவிட்டது. “சும்மா பொறுப்புலதான் வெச்சிருக்கீங்க. வளந்ததும் ஒப்படைச்சிடணும்.”

“யார்கிட்ட?”

“அவங்ககிட்டயே.”

“அவளயே அவகிட்டயா? ரசீதுல யார் கையெழுத்துப் போடுறது?”

“இது ஒரு வகையில வாடகை வீடு மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்.”

“காலி பண்ணச் சொல்லுவாங்கன்றீங்க.”

“அதவிட மோசம். வாடகை வீட்டுல நீங்க எழுந்து போகணும். இங்க வீடே எழுந்து போயிடும்.”

நல்ல மனிதர். ஆனால் அவருக்குத் தொழில் தெரியவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு எப்போதோ வழி கண்டாயிற்று. பிரதி வாடிக்கையாளருக்கு, நெகட்டிவ் ஸ்டுடியோவுக்கு. கல்யாணம் ஆகிப் போனவர்கள், கோபித்துக்கொண்டு போனவர்கள், ஒரேயடியாகப் போனவர்கள் எல்லோருடைய நெகட்டிவும் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இதுவரை யாரும் வந்து சண்டை போட்டதில்லை. என் பெண்ணை இந்த ஊர் முழுக்கப் பார்க்கட்டும், அவள் செய்த பல்லால் யார் வேண்டுமானாலும் கடிக்கட்டும். மூலம் என்னிடம் இருந்தால் போதும். இதில் என்ன பேராசை?

என் மனைவி இருந்திருந்தால் முதல் படத்திலேயே கண்டுபிடித்திருப்பாள். ‘ஒரு மாசத்துல வந்துடுறேன்’ என்று வெளிநாட்டிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள், ஒன்பது வருஷமாகிறது. அவளுக்குப் படம் எடுத்ததும் நான்தான். அப்போதெல்லாம் நான் நல்ல படம் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் எப்படியோ தெருவில் கசிந்தது. எதிர்க்கடை தையல்காரர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவனை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னை ஓரமாக இழுத்தார்.

“அண்ணே, உங்க பொண்ணுக்கு எடுத்த மாதிரியே இவனுக்கும் எடுத்துடுங்க.”

“எந்த மாதிரி?”

“என்கிட்டயேவா? ஒரு நூல் பிசகினா அது கை தவறினதா, வேணும்னு தவறவிட்டதான்னு எனக்குத் தெரியாதா?”

பிறகு மருந்துக்கடைக்காரர் தன் இரட்டைப் பெண்களோடு வந்தார். யாரிடமும் நான் கூடுதலாக ஒன்றும் வாங்கவில்லை. பெற்றவர்கள் கேட்காமல் யாருடைய பிள்ளைக்கும் நான் அப்படி எடுத்ததும் இல்லை. அடுத்தவர் பொருளில் கை வைப்பது எனக்குப் பிடிக்காது.

மூன்றாவது முறை திரும்பி வந்தபோதுதான் என் பெண் வேலை செய்யும் இடத்திலிருந்து தாடை அளக்கும் கவராயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தை அளந்தாள்.

“அப்பா, என் மூஞ்சியிலயே ஏதோ கோளாறு. ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல.”

“யாருக்கும்மா ஒண்ணா இருக்கு?”

“மத்தவங்களுக்கெல்லாம் சரியாத்தானே வருது? எனக்கு மட்டும் ஏன்?”

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். அழகான முகம், அதில் ஒரு குறையும் கிடையாது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். கூடத்துக் கண்ணாடிக்கு ஒரு துண்டைப் போட்டு மூடினாள். அன்றைக்கெல்லாம் என் தோளிலேயே சாய்ந்திருந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படிச் சாய்ந்ததே இல்லை. பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்திருந்தது.

நான்காவதாக ஓர் ஆய்வகம் கூப்பிட்டபோது அவள் என்னிடம் வரவில்லை. ரயில் நிலையத்தில் காசு போட்டால் படம் எடுத்துத் தரும் இயந்திரம் இருக்கிறதே, அதில் போய் உட்கார்ந்திருக்கிறாள். சரிபார்க்கும் இடத்தில் ஒரே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டார்களாம். வீட்டுக்கு வந்து என் பழைய படங்கள் மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

“முதல்ல என் மூஞ்சிதான் கோளாறுன்னு நெனச்சேன். அப்புறம் உங்களுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சோன்னு தோணுச்சுப்பா. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் சொல்லாமப் போய் மெஷின்ல எடுத்தேன். இப்பத்தான் அளந்து பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு தப்பு. கை நடுங்குறவங்க இவ்வளவு அளந்து நடுங்க மாட்டாங்க.”

என் பெண்ணல்லவா. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனாலும் அவளால் கிளம்ப முடியவில்லை. பழைய மூன்று நிராகரிப்பும் அவள் பெயரில் நின்றன, அவை இருக்கும்வரை புது விண்ணப்பம் நகராது. நான்காவது ஒன்று சேர்ந்தால் ஐந்து வருஷத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது. தப்பு படம் எடுத்தவருடையது என்று நான் எழுதிக்கொடுத்தால் மட்டும் பழையதை ரத்து செய்வார்கள். “இது ஒண்ணு மட்டும் செய்ங்கப்பா, அப்புறம் உங்கள எதுவும் கேக்க மாட்டேன்” என்றாள். போனேன். விண்ணப்ப அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே விளக்கு, திரை, மில்லிமீட்டர், தையல்காரர் மகன் என்று ஒன்றுவிடாமல் ஒரு முழுத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு சார். எப்படி சார் மனசு வந்துச்சு?”

“இப்ப அப்படித்தான் கேப்பீங்க. பொண்ணுக்கு என்ன வயசு?”

“ஏழு.”

“இன்னும் நாள் இருக்கு. கடை முகவரி குறிச்சுக்கோங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தாளை எடுத்துக்கொண்டு முத்திரை வாங்க அடுத்த அறைக்குப் போனார்.

நான் செய்ததாக இதுவரை சொன்னதெல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. இனிமேல் சொல்வது அதில் இல்லை.

மேஜையில் அவளுடைய கோப்பு திறந்து கிடந்தது. சரிபார்த்து முடித்து, மாலைத் தபாலில் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டிய கோப்பு. அதில் இயந்திரம் எடுத்த படம். வெளிச்சம் கீழேயிருந்து அடித்து, என் பெண் ஏதோ திருடியவள் மாதிரி விழித்துக்கொண்டிருந்தாள். பெற்றவனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பசைப் புட்டி பக்கத்திலேயே இருந்தது. என் சட்டைப்பையில் நான் எடுத்த படம் ஒன்று இருந்தது. சும்மா இருக்கட்டுமே என்று எடுத்துப்போயிருந்தேன். அதில் அவள் லேசாகச் சிரிக்கிறாள். பல் கொஞ்சம் தெரிகிறது. பல் தெரியக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு, அது வேறு விஷயம். அதிகாரி திரும்பி வருவதற்குள் பசை காய்ந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். “தேங்க்ஸ்ப்பா” என்றாள். எத்தனை பெற்றவர்களுக்கு இது கிடைக்கும்?

அவளை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்பதற்கு அலுவலக முத்திரையோடு ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பு திரும்பி வரும் நாளில் சாய்ந்து அழ அவளுக்கு ஒரு தோள் வேண்டுமே. அதனால்தான் நான் எங்கேயும் போவதில்லை.