ஞாயிற்றுக்கிழமை பதினைந்து நிமிடம்

ஆமினா: ...அதான் கேக்குறேன். ஒரு வார்த்தைகூடத் தெரியாதவங்களுக்கு மொத மொதல்ல எப்படித்தான் சொல்லிக் குடுப்பாங்க?

மர்ஜானா: உம்மா, வாரத்துல ஒரு நாள், பதினஞ்சு நிமிஷம்தான் நம்ம பாஷை பேச விடுறாங்க. அதுலயும் சீனக் கிளாஸ் பத்தியே கேக்குறீங்க.

ஆமினா: நீயாத்தானே கையெழுத்துப் போட்டே, சீனத்தைத் தவிர வேற பேச மாட்டேன்னு. தைவான் வரைக்கும் போய் வாயைக் கட்டிப்போட்டுக்கிட்ட புள்ள நீ ஒருத்திதான்.

மர்ஜானா: அப்படி இருந்தாத்தான் பாஷை வரும். ஹாஸ்டல்ல தூக்கத்துல தமிழ் உளறுனாக்கூட ரூம்ல இருக்கிற வியட்நாம் பொண்ணு எழுப்பிவிட்டுருவா... வாப்பா எங்க?

ஆமினா: கடையில.

மர்ஜானா: ஞாயித்துக்கிழமையா?

ஆமினா: கப்பல் வந்திருக்கு. சரக்கு இறங்குது.

மர்ஜானா: போன வாரமும் கப்பல்னீங்க.

ஆமினா: மெயின்லேண்ட்லருந்து கப்பல் வராட்டி இந்தத் தீவுல எதைத் திங்குறது? நீ பேச்சை மாத்தாம சொல்லு.

மர்ஜானா: ...மொத மாசம் எனக்கு ஒரே வார்த்தைதான். ஹாவ்.

ஆமினா: மத்லப்?

மர்ஜானா: சரி, நல்லதுன்னு அர்த்தம். எதுக்கெடுத்தாலும் ஹாவ். முடி வெட்டுற கடையில என்னமோ கேட்டா. ஹாவ்னேன். முடியைக் காதளவுக்கு ஒட்ட வெட்டிட்டா.

ஆமினா: அதான் அந்த மாசம் போட்டோவுல எல்லாம் முக்காட்டை நெத்தி வரைக்கும் இழுத்து விட்டிருந்தியா? கள்ளி.

மர்ஜானா: வளந்துருச்சு, விடுங்க.

ஆமினா: ஒத்த வார்த்தையை வச்சுக்கிட்டு... உள்ளுக்குள்ள எப்படிம்மா இருந்துச்சு?

மர்ஜானா: உள்ள எல்லாம் இருக்கும். சொல்ல வேண்டியது அத்தனையும் தொண்டை வரைக்கும் வந்து நிக்கும். வெளிய ஹாவ்னுதான் வரும். கோவம் கோவமா வரும் உம்மா. பாத்ரூமுக்குள்ள போய் அழுதுருவேன்.

ஆமினா: கோவம் வருமா... அப்ப எதிர்ல இருக்கிறவங்க என்ன செய்யணும்?

மர்ஜானா: காத்துக்கிட்டு இருக்கணும். எங்க டீச்சர் நாம என்ன சொல்ல வர்றோம்னு தெரிஞ்சாலும் எடுத்துக் குடுக்க மாட்டாங்க. பாத்துக்கிட்டே நிப்பாங்க.

ஆமினா: நான் பொறுக்காம எடுத்துக் குடுத்துர்றேனே.

மர்ஜானா: யாருக்கு?

ஆமினா: ஆங்... உன் தம்பிக்கு. பாடம் ஒப்பிக்கிறப்ப.

மர்ஜானா: அஸ்லமா? காலேஜ் போயும் உங்கள்ட்ட பாடம் ஒப்பிக்கிறான்?

ஆமினா: ஒப்பிப்பான் ஒப்பிப்பான். நீ சொல்லு... அப்படி எல்லாருக்கும் பேச்சு வந்துருமா? வராதவங்களும் உண்டா?

மர்ஜானா: ...ஒருத்தர் இருந்தாரு. வயசானவர். மூணு மாசம் முட்டிப் பாத்துட்டுக் கிளம்பிட்டாரு.

ஆமினா: வயசாயிட்டா வராதோ?

மர்ஜானா: அப்படி இல்ல உம்மா. நேரமாகும், அவ்வளவுதான். நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. திட்டாதீங்க. வீட்டுல ஒவ்வொரு சாமான் மேலயும் பேரெழுதி ஒட்டுங்க. கதவு, டம்ளர், ஃபேன். நாங்க அப்படித்தான் ஒட்டுனோம். ஒரு நாளைக்கு அஞ்சு போதும்.

ஆமினா: இரு, எழுதிக்கிறேன்... கதவு... டம்ளர்... ம், டீக் ஹை.

மர்ஜானா: பாட்டாச் சொல்லச் சொல்லுங்க. பேச்சா வராதது சிலருக்குப் பாட்டா வரும். எழுதவும் சொல்லுங்க. இடது கையால கோணக்கோணலா வந்தாலும் பரவால்ல...

ஆமினா: இடது கையா? அஸ்லம் சோத்துக் கையாலதானே எழுதுறான்?

மர்ஜானா: வாய் தவறி வந்துருச்சு.

ஆமினா: மர்ஜான்.

மர்ஜானா: நாலு நிமிஷந்தான் இருக்கு உம்மா.

ஆமினா: வாப்பா கடையில இல்ல.

மர்ஜானா: ம்.

ஆமினா: நம்ம டாலிகஞ்ச் கடையை அஸ்லம்தான் தொறக்குறான். வாப்பாவுக்குப் பக்கவாதம் அடிச்சுப் பத்து வாரமாச்சு. வலது கை, கால் விழுந்துருச்சு. வந்து நிக்கிறவன் பெங்காலியா, தெலுங்கனா, மலையாளியான்னு மூஞ்சியப் பாத்தே அவனவன் பாஷையில பேசி யாவாரம் பண்ண மனுசன். எல்லாம் போச்சு. உன் ஹாவ் மாதிரி ஒத்த 'அச்சா' மட்டும் நிக்கிது. பசிச்சாலும் அச்சா. வலிச்சாலும் அச்சா... அழறியா?

மர்ஜானா: இல்ல... சொல்லுங்க.

ஆமினா: உன்கிட்டச் சொல்றதா வேணாமான்னு அவங்களையே கேட்டேன். சொல்லட்டுமா? அச்சா. வேணாமா? அச்சா. நான் என்னத்தன்னு எடுத்துக்குவேன்... நடுவுல கிளம்புனா பேரை வெட்டிருவாங்க, மறுபடி இடம் கிடைக்காதுன்னு நீதானே சொன்னே. எம்புட்டு ஆசைப்பட்டுப் போன. உன் படிப்பை நானே கெடுத்துருவேனோன்னு பயம். அதான் வாரா வாரம் பொய் சொன்னேன். மன்னிச்சிரு புள்ள.

மர்ஜானா: நீங்க எதுக்கு உம்மா மன்னிப்புக் கேக்குறீங்க. அஸ்லம் எனக்கு அன்னைக்கே மெசேஜ்ல சொல்லிட்டான். உங்க வாயால நான் கேட்டுட்டா கிளம்பி வந்தாகணும்... அதான் ஒவ்வொரு ஞாயிறும், எங்க சொல்லிருவீங்களோ எங்க சொல்லிருவீங்களோன்னு பயந்துக்கிட்டேதான் போன் பண்ணேன்.