கூடத்தின் அடியில் வழி கேட்ட ஓடையும் எங்கள் சேத்துக்கால் அக்காவும்

ஓடையின் ஒலியறிந்த செவியே! சேற்றில் நடந்தே சிறப்புற்ற காலே! நாணல் நட்டு நிலம் காத்த நற்கையே! எங்கள் அமைப்பின் களப்பொறுப்பை முப்பதாண்டு முகம் சுளிக்காமல் சுமந்து, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் சேத்துக்கால் அக்காவே! வணக்கம்.

செருப்போடு தங்களைக் கண்டவர் எங்களில் எவருமில்லை. மாநகரம் குப்பை கொட்டி, மூடி, மறந்தே போன ஓடையை மேட்டிலிருந்து முழம் முழமாய் மீட்டவர் தாங்கள். பழந்துணியும் பிளாஸ்டிக்கும் தோண்டியெடுத்த பள்ளத்தில் நாணல் நின்றது; நாணலுக்குள் நாரை நின்றது. பரிசு தந்தார்கள், படம் பிடித்தார்கள், பூரித்தோம்.

பூரிப்பெல்லாம் ஒரு மழை வரைக்கும்தான்!

விடுதலையான ஓடை விரைந்து வந்து நம் அலுவலகத்தின் பின்சுவரில் முட்டியது. முட்டித் திரும்பிக் கீழத்தெருவுக்குள் புகுந்தது. அதுவரை கணுக்கால் நனைந்த வீடுகளில் கட்டில் மிதந்தது. பார்க்க வந்த மாநகராட்சிப் பொறியாளர், கீழத்தெரு முழுக்க ஆக்கிரமிப்பு, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டிப் போனார். ஓடையின் பழைய தடத்தில் நட்டநடுவே அமர்ந்திருப்பது நம் அலுவலகக் கூடம்தான் என்பது எங்கள் புத்திக்கு எட்டவே இல்லை.

அதன் பிறகுதான் அது ஆரம்பித்தது.

மாலையில் ஒழுங்காய் விட்டுப்போன நாற்காலிகள் காலையில் வாசல் பக்கமாய் ஒரு சாண் நகர்ந்திருந்தன. கதவில் பூட்டு பூட்டியபடி! கோடை கொளுத்தும் நண்பகலில், பின்சுவரிலிருந்து முன்வாசல் வரை ஒரு பட்டை மட்டும் தரை வேர்த்தது. துடைத்தோம், மறுபடி வேர்த்தது. தரை சாய்ந்திருக்கிறதோ என்று கணக்காளர் கோலிக்குண்டை வைத்துப் பார்த்தார். குண்டு அசையவில்லை. மறுநாளும் நாற்காலிகள் நகர்ந்தன.

காவலாளி அண்ணன் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார். "உள்ள யாரோ துணி அலசுற சத்தம் கேக்குது சார். எட்டிப் பாத்தா ஆளில்ல. வீட்டுக்காரிகிட்ட சொன்னா, 'நம்ம துணியையும் போட்டுட்டு வா'ங்கிறா. ஆளை விடுங்க!"

தாங்கள் மட்டுமே அஞ்சவில்லை. அந்த ஈரப்பட்டையின் மேல் வெறுங்காலோடு நின்று கண்களை மூடினீர்கள்.

"பயப்படாதீங்கப்பா. இது நம்மள விரட்டல. வழி கேக்குது."

அடுத்த கூட்டத்துக்குக் கீழத்தெரு இஸ்திரிக்கார அம்மா வந்தார். வந்த வேகத்தில் கேட்டார்: "என் வீடு ஆக்கிரமிப்பாம்! ஓடை மேல ஃபேனைப் போட்டு உக்காந்துகிட்டு எங்களுக்கு நியாயம் பேசுறீங்களே, உங்களுக்கு யாரும்மா நோட்டீஸ் குடுக்கிறது?"

"நான் குடுக்கிறேன்" என்று எழுந்தவர் தாங்கள்.

உள்ளதை மறைப்பானேன்? குதித்தோம், கொதித்தோம். பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டடம் ஆயிற்றே! "கூரையை இடிச்சுட்டு மரத்தடியிலயா அக்கா ஆபீஸ் நடத்துறது?" என்று பொருளாளர் பொரிந்தார். "பின்ன, இத்தனை மரம் எதுக்குடா நட்டோம்?" என்றீர்கள். சிரித்துவிட்டோம். சிரித்த வாயால் மறுப்பது எப்படி? பின்சுவர் முதல் முன்வாசல் வரை இடித்து, ஓடையை ஆற்றுக்கு நேராய் விடுவதென்று தீர்மானம் நிறைவேறியது. அடுத்த மழை கீழத்தெருவுக்குள் நுழையாவிட்டால் நோட்டீஸை விலக்கிக்கொள்வதாகப் பொறியாளரும் எழுதிக் கொடுத்தார். நுழைந்தால், அத்தனை குடும்பமும் நடுத்தெருவில்!

தீர்மானம் போட்ட மறுநாள் நாற்காலிகள் நகரவில்லை. தரை காய்ந்தது. அலசும் சத்தமும் அடங்கியது. சத்தம் போட்டபோதுகூட நாங்கள் இத்தனை மிரளவில்லை அக்கா. சுவருக்கு அப்பால் ஏதோ ஒன்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறது.

இன்று காலை கதவைத் திறந்தபோது ஒன்றே ஒன்று நகர்ந்திருந்தது. தங்கள் நாற்காலி. பின்சுவரைப் பார்த்துத் திரும்பி, கால்கள் நான்கும் நனைந்து நின்றது. அழைப்பு யாருக்கென்று எங்களுக்குப் புரிந்தது.

இந்த வாழ்த்து மடலில் ஒரு படி தங்களுக்கு, சட்டமிட்ட இன்னொரு படி இந்தச் சுவருக்கு என்பது நம் வழக்கம். நாளை இடிபடும் சுவருக்குப் படி எதற்கு? இரண்டையும் தாங்களே ஏற்றருள்க! நாணலாய் வளைந்தும் ஒடியாமல், ஊற்றாய்ச் சுரந்தும் வற்றாமல், நோய் தீண்டா மேனியோடு நூறாண்டு கடந்தும் வாழ்க!

ஓய்வு மட்டும் நாளை மறுநாளிலிருந்து. நாளை முதல் கல் பெயரும்போது தாங்கள் அங்கே வெறுங்காலோடு நிற்க வேண்டும். "வழி விட்டாச்சு, வா" என்று தாங்கள்தான் கூப்பிட வேண்டும். கீழத்தெருப் பக்கம் திரும்பாமல் நேராய்ப் போகவும் சொல்லுங்கள்.

எங்கள் குரல் அதற்குப் பழக்கமில்லை.

அன்பும் கொஞ்சம் அச்சமுமாய்,
நாளை முதல் மரத்தடியில் பணிபுரியும்
தங்கள் தம்பி தங்கையர்