நாளுக்கு ஒரு கவர்

நல்ல பிளாஸ்டிக் கவருக்கு இரண்டு காது இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு முடிச்சு, அதன்மேல் இன்னொரு முடிச்சு. உள்ளே என்ன இருந்தாலும் வாசம் வெளியே வராது. இது புரியாமல் நீங்கள் என்ன எழுதினாலும் தப்பாகத்தான் வரும், அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

என் நாத்தனார் எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் படுக்கையில் விழுந்து மூன்று வருஷம். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, வாய் மட்டும் போகவில்லை. அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார். மூன்றாவது மாடியில் நானும் அவளும்தான்.

"உங்க சமையலுக்குப் பயந்து ஓடப் பார்த்தேன் அண்ணி. அதுக்குள்ள கால் விழுந்துடுச்சு" என்பாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி இருக்கு. வாயைத் திற" என்பேன்.

இப்படித்தான் ஓடியது. மூன்று வருஷத்தில் அவள் முதுகில் ஒரு புண் கிடையாது. டாக்டர் பார்த்தாராமே, அதை எழுதினாரா? எழுதச் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு நாலு டயபர். ஒன்றுக்கு ஒரு கவர். தெருமுனை சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற பெண்ணுக்கு என் வீட்டுக் கதை தெரியும். ரொட்டிக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டுக் கொடுப்பாள். நல்ல பெண். ஒரு நாள் போனால் அவள் முன்னால் ஒரு பலகை, இலைப் படம் போட்டு.

"இனிமே கவர் சும்மா தர்றதில்லைம்மா. பை கொண்டு வரணும், இல்லைன்னா இந்தத் துணிப்பையை வாங்கிக்கணும்."

"துணிப்பையில டயபரைக் கட்டினா ஈரம் நிக்குமா?"

"எனக்குத் தெரியும்மா. மேல இருந்து சொல்லிட்டாங்க. பூமிக்கு நல்லதாம்."

"பூமியா வந்து என் நாத்தனாருக்கு டயபர் மாத்துது?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் கவர் தரவில்லை.

குப்பைக்கென்றே சுருள் சுருளாகக் கவர் விற்கிறதே, அதை வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். வாங்க முடியாதவள் இல்லை நான். நேற்று வரை வேண்டாம் வேண்டாம் என்றாலும் கையில் திணித்ததை, இன்று அடுத்த அலமாரியில் அடுக்கி வைத்து விற்கிறார்கள். அதற்கு நான் தலையாட்ட மாட்டேன். இன்றும் மாட்டேன்.

டயபரைச் செய்தித்தாளில் சுற்றிக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் நனைந்து பிய்ந்துவிட்டது. அந்த வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

"மனுஷங்க நடக்கற படியாம்மா இது?"

எழுபத்தொரு வயதில் முட்டி போட்டுப் படியைத் துடைத்தேன். அவர் உள்ளே போகவே இல்லை, துடைத்து முடிக்கிற வரை பார்த்துக்கொண்டே நின்றார். குப்பை எடுக்க வருகிறவர் அவரைவிட மரியாதையாகப் பேசினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. கட்டிக் குடுத்தா எடுக்கறேன். திறந்து கிடந்தா கை வைக்க மாட்டேன். நானும் இந்தக் கையாலதான சாப்பிடணும்?"

அவர் கேட்டது நியாயம். எல்லோரும் நியாயமாகத்தான் பேசினார்கள்.

வீட்டில் தேடினால் ரொட்டி வந்த உறை, அரிசி வந்த உறை என்று நாளுக்கு ஒன்று தேறியது. நாளுக்கு ஒரு கவர் என்றால் நாளுக்கு ஒரு டயபர். ஒரே டயபர் நாள் முழுக்கத் தாங்க வேண்டுமென்றால் என்ன செய்வது? நீங்களே சொல்லுங்கள். உள்ளே போவதைக் குறைத்தால்தான் வெளியே வருவது குறையும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

கடைக்காரர்கள் கவரை நிறுத்திவிட்டோம் என்று எழுதவில்லை. 'கவர் பயன்பாட்டைக் குறைப்போம்' என்றுதான் பலகையில் இருந்தது. நானும் எதையும் நிறுத்தவில்லை. குறைத்தேன். முதலில் சாப்பாட்டை. அதில் அவ்வளவாகப் பலன் தெரியவில்லை. அதனால் தண்ணீரை.

அவள் தலைமாட்டில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும், இடது கைக்கு எட்டுகிற மாதிரி. மேஜையைத் துடைக்கும்போது அதை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். அங்கேயே இருந்துவிட்டது.

"அண்ணி, தொண்டை ஒட்டுது. கொஞ்சம் தண்ணி."

"இப்பத்தானே குடிச்சே?"

"அது நேத்து அண்ணி."

அவளுக்கு எப்போதும் கணக்கு நன்றாக வரும்.

தண்ணீரைக் குறைத்த நாலாம் நாளிலிருந்து அவள் என்னைக் கிண்டல் செய்வதில்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து கேட்ட குரல், பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்காகத்தான் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆறாம் நாள் கையை ஜன்னல் பக்கம் நீட்டினாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதென்று நினைத்துத் திரையை இழுத்துவிட்டேன். எட்டாம் நாள் பார்த்தால் டயபர் காய்ந்தபடியே இருந்தது. மாற்ற வேண்டிய வேலையே இல்லை. அன்று ஒரு கவர் மிச்சம்.

பத்தாம் நாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். முகம் துடைத்து, தலை வாரி, துவைத்த துணி போட்டுவிட்ட பிறகுதான் போன் செய்தேன். வந்தவர்களைக் கேளுங்கள், படுக்கையில் ஒரு கறை இருந்ததா என்று.

ஆமாம், தண்ணீர் கொடுக்காமல் வைத்தது நான்தான். வேறு யாரும் இல்லை. காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த இலைப் படப் பலகையை வைத்தவர்களையும் ஒரு தடவை இந்த நாற்காலியில் உட்கார வையுங்கள். பூமியைக் காப்பாற்றியவர்கள், வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாரையாவது கேட்டார்களா? மூன்று வருஷம் நாளுக்கு நாலு கவர் கொடுத்து அவளைக் காப்பாற்றி வைத்திருந்ததும் அதே கடைதான்.

என் அலமாரியை உங்கள் ஆட்கள் திறந்து பார்த்தார்களாம். துணிக்கு அடியில் முக்கோணமாக மடித்த கவர் இருநூற்றுப் பதினாறு இருந்ததாம். எண்ணிக்கை சரிதான். ஒன்றில்கூடக் கசங்கல் இருந்திருக்காது. நான் மடித்தது. கடையில் நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டதுமே சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அது இருப்பது அவளுக்கும் தெரியும். அந்த அறையில்தானே அலமாரியும் இருக்கிறது. ஒன்பதாம் நாள் காலையில் கூப்பிட்டாள். நாக்கு தடித்துப்போய்ப் பேச்சு சரியாக வரவில்லை, குனிந்து காதைக் கிட்டே வைத்துக் கேட்டேன்.

"அண்ணி, அவ்வளவு கவர் வச்சிருக்கீங்களே. அதுல ஒண்ணு எடுத்துக்கிட்டு எனக்குத் தண்ணி குடுங்களேன்."

நான் கோபப்படவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல, அவள் கையைத் தடவிக்கொண்டுதான் சொன்னேன்.

"அதெல்லாம் ஒரு அவசரத்துக்குன்னு எடுத்து வச்சது."