விட்டுவந்த சாம்பல்

மணி மூன்று. பிற்பகல் மூன்றுதான். ஆனால் வடகோடி நாட்டு டிசம்பர்... கும்மிருட்டு. ஏரியோரக் காட்டுப் பாதை. பனியில் ஒரு முயலின் தடம்கூட இல்லை. அதில் தனியாக நடந்து போனாள் சைமி. என் நண்பன் தாவ்னோவின் சித்தி. கையில் மூடி போட்ட இரும்புச் சட்டி.

ஏன் போனாள் என்று சொல்கிறேன். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

முந்தின வாரம்தான் அக்கரையில் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். வீடு மாறினால் பழைய அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பல் எடுத்துப் போக வேண்டும். அப்போதுதான் வீட்டைக் காக்கும் கிழ ஆவி தொன்த்துவும் கூட வருவார். சைமி சட்டியை எடுத்தபோது அவள் கணவன் கலெர்வோ சிரித்தான்.

“சாம்பலுக்கா வண்டியில இடம் கேக்குற? அங்க போனதும் மூட்டை மூட்டையா எரிச்சுத் தர்றேன். ஏறு சைமி, குதிரை நடுங்குது.”

ஏறிவிட்டாள்.

அன்று முதல் கைக்குழந்தை ஆவ்னே தூங்கவில்லை. அழவும் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கதவையே பார்த்தது. யாரோ வர வேண்டும் என்பது போல... வைத்தியருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பால் குடிப்பது நின்றது. கன்னம் ஒட்டிப்போயிற்று.

“நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்,” என்றாள் சைமி. இந்தத் தடவை கலெர்வோ சிரிக்கவில்லை.

பழைய வீட்டின் கதவு உறைந்திருந்தது. தோளால் முட்டித் திறந்தாள். உள்ளே காய்ச்சின பால் வாசனை. ஒரு வாரமாக ஆளில்லாத வீடு. அடுப்பில் கை வைத்தாள்... சாம்பல் சூடாக இருந்தது.

அடுப்புக்குப் பின்னால் ஒரு சத்தம். கரக்... கரக்... காலிக் கிண்ணத்தை மரக்கரண்டி சுரண்டுவது போல.

யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். சைமிக்கு முதலில் வந்த நினைப்பு, ‘பாவம், பசிக்கிறது’ என்பதுதான். மடியில் தனக்கென்று கொண்டுவந்த கறுப்பு ரொட்டியை எடுத்தாள். வெண்ணெய் தடவினதுதான். அடுப்பு மேல் வைத்தாள். கர்த்தரை நினைத்துக்கொண்டாள்.

“பெரியவரே... எத்தனை வருஷம் எங்களைக் காத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டோம். தப்புதான். வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம். குழந்தை உங்களைத் தேடுது.”

சுரண்டல் நின்றது.

சாம்பலை அள்ளிக்கொண்டு நடந்தாள். பின்னால் பனி நெறுக்... நெறுக் என்றது. இவள் நின்றால் அதுவும் நின்றது... ஓர் எட்டு தள்ளி. ஒரு பிடி சாம்பல்தான். ஆனாலும் சட்டி கனத்துக்கொண்டே வந்தது. கை மாற்றி மாற்றித் தூக்கினாள். கடைசியில் இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையைத் தூக்குவது போல. திரும்பிப் பார்க்கவில்லை. வயதானவர் பின்னால் நடந்து வரும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து அவசரப்படுத்துவது மரியாதை இல்லை அல்லவா?

கலெர்வோ வாசலிலேயே நின்றான். “பொழுதோட வரத் தெரியாதா? உன்னையும் தேடி அலையணுமா நான்?” குரல் உடைந்திருந்தது. அவள் நேரே போய் அடுப்பில் சாம்பலைக் கொட்டினாள்.

“சைமி...” என்றான் வாசலில் இருந்தபடியே, தொட்டிலைக் காட்டி. “தூங்கிட்டா.”

இருவரும் ஓடினார்கள். ஆவ்னேயின் மூச்சு சீராக, சூடாக வந்துகொண்டிருந்தது. தொட்டில் பக்கம் யாருமே போகவில்லை. ஆனால் இரண்டு இமைகள் மேலும் சாம்பல் தடம். இறந்தவர்களின் கண்ணை மூடிவிடுவோமே... அப்படி, மேலிருந்து கீழாக, மெல்ல.

சைமி மேலாடை நுனியால் துடைத்துவிட்டாள். விடிந்து பார்த்தால் மறுபடி இருந்தது.

ஆவ்னேக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். நகரத்தில் நாலாவது மாடியில் வீடு. மின்சாரத்தில் சூடு, அடுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. நன்றாகத் தூங்குகிறாள். காலையில் எழுந்ததும் யாரோடும் பேசாமல் போய் முதலில் இமைகளைக் கழுவுகிறாளாம்.