வறுவல் கடை வரிசையில் விமானி வால்ரோஸ்

ஆமா தம்பி, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. பிளேடால காகிதத்தச் சொரண்டுற சத்தம், சர்ரு சர்ருன்னு. எங்க வீட்டுக்காரர் ஒடிலோன் சித்திரக்கதை வரையறப்ப மை வழிஞ்சா அப்படித்தான் சொரண்டுவாரு. பிரஸ்ஸல்ஸ்ல அப்பல்லாம் தெருவுக்கு ஒருத்தர் சொரண்டிக்கிட்டிருந்தாங்க. நீங்க கேட்டது வேறயா? வரேன், வரேன். காப்பியக் குடிங்க மொதல்ல. கம்பெனி வக்கீல்னா காப்பி குடிக்கக் கூடாதா என்ன?

உங்க கம்பெனிச் சித்திரக்கதை ஹீரோ விமானி வால்ரோஸ் எங்க புத்தகத்துக்குள்ள எப்படி வந்தான்னுதானே? அது ஒரு வழக்கம் தம்பி. ஒருத்தரோட ஹீரோவ இன்னொருத்தர் கூட்டத்துல ஒரு மூலையில நிக்க வெப்பாங்க. வணக்கம் சொல்ற மாதிரி. எங்க ஹீரோ, படகுக்காரன் மெலியோரக்கூட உங்க கதையில ஒருதரம் மீன் விக்க விட்டாங்க. நாங்க என்ன வழக்கா போட்டோம்? மீன் புதுசுதானான்னு கேட்டு ஆள் அனுப்பினோம்.

எங்க புத்தகத்துல அவன் வர்ற பக்கத்துக்கெல்லாம் மஞ்சச் சீட்டு ஒட்டி வெச்சிருக்கீங்களே, காட்டுங்க. இது உருளைக்கிழங்கு வறுவல் கடை வரிசை. ஆமா, அவனேதான், சிவப்பு மஃப்ளர். இதுல ஆடு அந்த மஃப்ளரத் தின்னுது. இதுல பதக்கத்தையெல்லாம் குத்திக்கிட்டுக் குளிக்கிறான். இது வடதுருவம். அங்கயும் வறுவல் கடை, அங்கயும் வரிசை, அவனுக்கு முன்னால ஒரு பென்குயின். வடதுருவத்துல பென்குயின் ஏதுன்னு கேக்காதீங்க, ஒரு வாத்தியார் கேட்டு மூக்கறுபட்டாச்சு. எந்தப் புத்தகத்துல பாத்தாலும், இவன் முறை வந்ததும் கடைய மூடிடுவாங்க.

உங்க ஹீரோவுக்கு அவமானமா? எது, அவன் தாடையா? பெருசுதான். பொறந்தப்பவே அப்படித்தான் தம்பி.

உங்க நிபுணர் என்ன எழுதியிருக்காரு? வால்ரோஸை ஒழுங்காப் பாத்திராத கை போட்ட மட்டமான போலியா? அய்யோ, இருங்க... சிரிச்சுப் பொறையேறிடுச்சு.

சரி, புதுப் பதிப்புல அவன் நிக்கிற எடமெல்லாம் புதர் போட்டு மூடணும், அதுக்கு நான் கையெழுத்துப் போடணும். இல்லைன்னா அத்தன புத்தகத்தையும் அரைச்சுக் கூழாக்கிடுவீங்க. வடதுருவத்துலயும் புதரா? பென்குயின் மட்டும் இருக்கலாமாக்கும்!

போட மாட்டேன். செத்துப்போன வீட்டுக்காரர் பேரக் காப்பாத்தவா? அட, அவர் அவன வரையவே இல்லையே. அவருக்குப் படகு வரும், மழை வரும், தாடை வராது.

பின்ன யாரா? எவ்ரார். ஆமா, உங்க எவ்ரார்தான், வால்ரோஸைப் பெத்தவரு. உங்க கம்பெனி அவனை வாங்கினப்பவே, இனிமே அந்த மூஞ்சிய எங்கயும் வரையக் கூடாதுன்னு அவர்கிட்ட எழுதி வாங்கிடுச்சு. நீங்க அப்பப் பொறந்திருக்க மாட்டீங்க. அப்புறம் கூலிக்கு ஆள் வெச்சு வரைஞ்சாங்க. அவரு ஞாயித்துக்கெழமையானா இங்க சாப்பிட வருவாரு. பீர்ல வேகவெச்ச முயல் கறின்னா உயிர். சாப்பிட்டு முடிச்சதும் ஒடிலோன் அந்த வாரத்துப் பக்கத்த மேசையில விரிப்பாரு. கூட்டத்துல ஒரு ஆளுக்கு எடம் விட்டிருக்கேன்டான்னுவாரு. எவ்ரார் வேண்டாம் வேண்டாம்னுட்டு, நாக்கக் கடிச்சுக்கிட்டு வரைய உக்காந்துடுவாரு. பெத்த புள்ளைய ஆட்டுக்குப் போடறியேடா பாவின்னு இவர் கேட்டா, உலகத்தக் காப்பாத்திக் காப்பாத்திக் களைச்சுட்டான்டா, கொஞ்ச நேரம் வறுவலுக்கு நிக்கட்டுமேன்னுவாரு.

நீங்க புதர் போட்டு மூடச் சொல்ற எடமெல்லாம் அவர் கை தம்பி.

இத்தன வருசம் ஏன் சொல்லலையா? தெரிஞ்சா அவர்மேல பாய்வீங்களே. இப்பப் பாயுங்க, தாராளமா. போன மார்ச்ல கடலோரம் ஓஸ்டெண்ட்ல ஒரு முதியோர் இல்லத்துல செத்துட்டாரு. ரிட்டயரான தபால்காரர்னுதான் அங்க எல்லாரும் அவர நெனச்சிருந்தாங்க.