அறுபதாவது சம்பவம்

ஆட்களைப் பேச வைப்பது பெரிய வித்தை இல்லை, ஐயா. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் வாயை மூடிக்கொண்டால் போதும். எட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அலுத்துவிட்டது.

என் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்தது முக்கிய நிகழ்வு முறை. வேலையிடத்தில் பாதுகாப்பு எப்படி என்று அதில் பொதுவாகக் கேட்கக் கூடாது. நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பு என்ன, அப்போது என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆனது. மூன்றே கேள்விகள். அறுபது சம்பவங்கள் வேண்டும் என்றார் கைடு. முடிவு சப்பென்று இருந்தால் அந்தச் சம்பவத்தையே அடித்துவிடுவார்.

நெய்வேலிக்கு வெளியே ஒரு காண்ட்ராக்டரின் நிலக்கரி யார்டில் அனுமதி கிடைத்தது. அப்பாவின் குவார்ட்டர்ஸிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிஷம். லாரிக்குக் கரி ஏற்றும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாருகிறவர் பெயர் பாவாடை. ஷிப்ட் முடிந்தவர்களை என்னிடம் கூட்டி வந்ததெல்லாம் அவர்தான். நல்ல மனுஷன்.

அவர் சொன்ன சம்பவம் இது. ஒருநாள் சட்டை பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. பெல்ட்டை நிறுத்தும் கயிற்றை இழுத்தார், நிற்கவில்லை. சட்டை கிழிந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து பெல்ட் நின்ற பிறகுதான் அடியில் இறங்குகிறார், அதற்கும் தினம் திட்டு வாங்குகிறார்.

"எத்தினி வாட்டி இழுத்தாலும் ஓடிக்கினேதாங்க இருந்துச்சு. நான் சொன்னா வேலைய வுட்டு நிறுத்திடுவாங்க. நீங்க ஆபீஸ்ல ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

சொல்கிறேன் என்றேன். அதற்காகத்தான் என்னிடம் பேசுகிறார் என்பது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் சொன்னால் யார் போட்டுக்கொடுத்தது என்று கிளம்பும், கேட்டிலேயே என்னை நிறுத்திவிடுவார்கள். கையில் நாற்பத்தொரு சம்பவங்கள்தான் இருந்தன.

பத்து நாள் கழித்துக் கேட்டார். மறுநாளும் கேட்டார். பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி என்றால் யாருக்கும் சலிப்பு வரும். ஆபீஸில் சொல்லிவிட்டேன், கயிற்றைச் சரி பண்ணிவிட்டார்களாம் என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. அன்றைக்கே மூன்று பேரைக் கூட்டி வந்தார். கயிற்றை அவர் இழுத்துப் பார்த்திருக்க மாட்டார். சும்மா இழுத்தால் லாரிகள் காத்து நிற்கும், அதற்கும் திட்டு விழும்.

அடுத்த மாதம், ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் இறங்கியவர் எழுந்திருக்கவில்லை.

அப்போது என்னிடம் ஐம்பத்தொன்பது சம்பவங்கள் சேர்ந்திருந்தன. காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி வள்ளியம்மாளைப் பார்க்கப் போனேன். அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன். அந்தம்மா அழவில்லை.

"நீங்க சொல்லித்தான் கயிற சரி பண்ணாங்கன்னு வூட்ல வந்து சந்தோசமா சொல்லிக்கினு இருந்தாருங்க. அப்பறம் எப்பிடிங்க நிக்காமப் போச்சு?"

அது என் மூன்று கேள்விகளில் வராது. ஆனாலும் எழுதிக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல பேட்டி. முன்பு நடந்தது, செய்தது, முடிவு என்று எல்லாம் முழுசாக இருந்தது. கைடு ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை.

வள்ளியம்மாள் 'நீங்க' என்று சொன்ன இடத்தில் மட்டும் 'ஒருவர்' என்று மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் யார் என்று தெரியாமல் காப்பது ஆய்வு ஒழுக்கம், ஐயா. அதில் நான் என்றைக்கும் தவறியதில்லை.